தொண்ணூத்தஞ்சு மட்டும்

பெற்றவர்கள் அவனுக்கு வைத்த பெயர் மின்சார பில்லில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. ஊருக்கு அவன் தொண்ணூத்தஞ்சு. மலையடிவாரத்துப் பெட்ரோல் பங்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று சாதா, ஆக்டேன் தொண்ணூற்றொன்று. மற்றது விலை கூடியது, தொண்ணூற்றைந்து. அவனுடைய பிக்கப் வண்டி உள்ளே திரும்பும்போதே, குழாய் பிடிக்கிற பெண் எந்த ரகம் என்று கேட்காமல் விலை கூடியதன் பக்கம் போய் நின்றுவிடுவாள். அவள் கேட்டாலும் அவன் சொல்வது ஒன்றுதான்: "தொண்ணூத்தஞ்சு மட்டும்."

வண்டியைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வராமல் இருக்காது. ஒரு கதவு வெள்ளை, மறு கதவு பச்சை. பின் பலகைக்குக் கொக்கி கிடையாது, கயிறுதான். கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடி இறங்கும், ஏறுவது அதன் விருப்பம். இந்த மகாராணிக்குத்தான் விலை கூடிய பெட்ரோல். குடிக்கிறது கூழு, கொப்பளிக்கிறது பன்னீரு என்று பங்கில் காற்றடிக்கிறவர் அவன் காதுபடவே சொல்வார்.

ஆக்டேன் என்றால் பெட்ரோலின் சத்து என்று ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சத்தும் இல்லை, சாரமும் இல்லை. இன்ஜினுக்குள் நெருக்கி அமுக்கும்போது, தன் முறை வருவதற்கு முன்னால் வெடித்துத் தொலைக்காமல் பெட்ரோல் எவ்வளவு பொறுமையாக இருக்கும் என்பதன் அளவு அது, அவ்வளவுதான். ரொம்ப நெருக்குகிற இன்ஜினுக்குப் பொறுமை அதிகமுள்ள பெட்ரோல் வேண்டும். அவன் வண்டி இன்ஜினோ யாரையும் நெருக்கத் தெரியாத பரம சாது. மெக்கானிக் இதைப் பலமுறை சொல்லிவிட்டார். டேங்க் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வண்டியைச் செய்தவர்களே ஒட்டிய சீட்டு இருக்கிறது: தொண்ணூற்றொன்று போதும். தங்கை புருஷன் வாரம் ஒருமுறையாவது மூடியைத் திறந்து, செய்தி வாசிக்கிறவன் குரலில் அதைப் படித்துக் காட்டுவான்.

"மச்சான், செஞ்சவனே சொல்றான், சாதா போதும்னு. அவனை விட உனக்கு அதிகம் தெரியுமா?"

"அது வண்டி புதுசா இருந்தப்ப ஒட்டினது மாப்ள. வயசானா உடம்புக்குப் பத்தியம் மாறாதா?"

"பத்தியமா? நீ மருந்தே மாத்திக் குடுக்குற. அடுத்தது என்ன, டயருக்குத் தைலமா?"

சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது, அந்தக் காரணம் வண்டியின் டாஷ்போர்டிலேயே உட்கார்ந்திருந்தது. மற்ற டிரைவர்கள் தலையாட்டும் பொம்மை வைப்பார்கள். அவன் ஓட்டை விழுந்த பிஸ்டன் ஒன்றைக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தான்.

பிக்கப்புக்கு முன்னால் அவன் ஒரு காண்ட்ராக்டரின் காரை ஓட்டினான். டர்போ வைத்து ரொம்ப நெருக்குகிற இன்ஜின், குதிரை. ஒருநாள் மலை ஏறுவதற்கு முன் இதே பங்கில் நல்ல ரகம் தீர்ந்திருந்தது. "எதா இருந்தா என்ன, போடுய்யா" என்றார் காண்ட்ராக்டர், போனிலிருந்து காதை எடுக்காமலே. அவன் சாதா போட்டான். மலையில் பாதி தூரம் போனதும் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போலச் சத்தம் வந்தது. "ஐயா, கொஞ்சம் நிறுத்தி மெதுவா..." என்று ஆரம்பித்தான். மீட்டிங் இருக்கு, அழுத்து என்றார். அழுத்தினான். உச்சிக்குக் கீழே கடைசி வளைவில் டமார் என்று ஒரு சத்தம், பின்னால் நீலப் புகை, காருக்கு அடியில் எண்ணெய் ஆறு.

அன்று நடுரோட்டில் வைத்துக் காண்ட்ராக்டர் அவனைக் கன்னத்தில் அறைந்தார். நின்றுபோன வண்டிகளில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். போடச் சொன்னது தான்தான் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. வேலை போயிற்று. பிரித்துப் போட்ட இன்ஜினிலிருந்து அந்த ஓட்டைப் பிஸ்டன் மட்டும்தான் அவன் கைக்கு வந்தது. பெயர் கெட்டது. இன்ஜினைத் தின்றவன் என்று எவனும் சாவியைக் கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் தங்கை வீட்டுப் பின்னறையில் அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். எழுப்பியது தங்கை புருஷன்தான். அவன் கல் அறுக்கும் பட்டறையில் கட்டர். வீடுகளின் சமையல் மேடைக்குப் போகிற கருங்கல் பலகைகளை அளவாக வெட்டித் தேய்த்துக் கொடுப்பது அவன் வேலை. பட்டறை முதலாளியிடம் பேசி, பலகைகளை வீடுகளுக்குக் கொண்டுபோய் இறக்குகிற வேலையை மச்சானுக்கு வாங்கிக் கொடுத்தான். பழைய பிக்கப்பையும் அவனே தேடிப் பிடித்தான். "கழுதை கெட்டா குட்டிச்சுவரு, மச்சான் கெட்டா என் வீடு" என்று சொல்லி, சாவியை அவன் மடியில் போட்டான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பிக்கப்புக்கும் காருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பது அவன் மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. மேடு வந்தால் ஆக்சிலேட்டரில் இருக்கிற கால் அந்தக் கூழாங்கல் சத்தத்துக்காகக் காத்திருக்கும். தொண்ணூத்தஞ்சு போட்டிருக்கிறோம் என்ற நினைப்பு இருந்தால்தான் கால் அழுத்தும். விலை கூட என்பதால் டேங்கை என்றைக்கும் நிரப்பியதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொள்வான். முள் எப்போதும் சிவப்புக் கோட்டுக்குச் சற்று மேலேதான் ஆடிக்கொண்டிருக்கும்.

அன்று காலையும் அங்கேதான் ஆடிக்கொண்டிருந்தது.

பட்டறையில் ஈரக் கல்தூள் வழக்கம்போலத் தரையெங்கும் சேறாகக் கிடந்தது. பலகைகளைச் சாய்த்து வைக்கிற இரும்புச் சட்டத்திலிருந்து மாப்பிள்ளையும் இன்னொருவனும் ஒரு பெரிய பலகையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் பிக்கப்பின் பின் பலகைக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஏற்றியதும் மாப்பிள்ளை பின்னால் கல்லோடு ஏறி உட்காருவான். வண்டிக் கூரையில் அவன் ஒரு தட்டு தட்டினால் நில், இரண்டு தட்டினால் போ. அதுதான் அவர்கள் பாஷை, தங்கைக்கும் அது அத்துப்படி. இன்றைக்கும் அந்த இரண்டு தட்டுக்காகக் காது வைத்திருந்தபோது பின்னால் ஒருவன் கத்தினான். அவன் திரும்புவதற்குள், சட்டத்தில் அடுத்து நின்ற பலகை சேற்றில் வழுக்கி மாப்பிள்ளையின் தொடை மேல் விழுந்திருந்தது.

ஊர் மருத்துவமனையில் நர்ஸ் மட்டும் இருந்தாள். டாக்டரும் ஆம்புலன்ஸும் வேறொரு நோயாளியோடு மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தார்கள். நர்ஸ் தொடையின் மேல்பக்கம் இறுக்கிக் கட்டினாள், அழுத்தம் கொடுத்துப் பஞ்சு வைத்துக் கட்டினாள், கையில் ஊசி குத்தி ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டாள். துணி மறுபடி சிவந்தது.

"உள்ள எங்கேயோ கசியுது. என் கையில இல்ல. ஆம்புலன்ஸ் திரும்பி வர்றதுக்குக் காத்திருக்காதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் பண்றேன், அவங்க தயாரா இருப்பாங்க. நீங்க மலையைத் தாண்டிக் கொண்டு போய்ச் சேருங்க."

பிக்கப்பின் பின்னால் மெத்தையைப் போட்டுப் படுக்க வைத்தார்கள். தங்கை ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு கையில் பாட்டில், மறு கை கட்டின் மேல். வீட்டுச் செருப்பு ஒன்று எங்கேயோ கழன்று விழுந்திருந்தது, அதை அவள் கவனிக்கவில்லை. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தான். மாப்பிள்ளையை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம்.

பங்கில் நுழைந்தான். அந்தப் பெண் பழக்க தோஷத்தில் இரண்டாவது குழாய்ப் பக்கம் போனவள், கையை விரித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"அண்ணா, தொண்ணூத்தஞ்சு காலி. டேங்கர் நாளைக்குத்தான். சாதா இருக்கு..." பின்னால் எட்டிப் பார்த்தாள். "ஐயோ! போட்டுடறேண்ணா. உள்ள இருக்குறது தொண்ணூத்தஞ்சுதானே, ரெண்டும் கலந்துக்கும். ஒண்ணும் ஆகாது."

அவள் சொன்னது சரி. அவனுக்கே அது சரி என்று ஒரு நொடி பட்டது. டேங்க் மூடியைத் திறக்கக்கூடக் கையைக் கொண்டு போனான்.

அப்போது பின்னாலிருந்து தங்கை கத்தினாள். "எதா இருந்தா என்னண்ணா, போடு!"

அதே வார்த்தை. அவன் கை நின்றது. கண்ணாடி வழியே பிஸ்டன் தெரிந்தது. அதன் தலையில் விரல் நுழைகிற ஓட்டை, சுற்றிலும் உருகிய விளிம்பு. அதே மலை, அதே பங்கு, அதே பெட்ரோல். பின்னால் ஆட்கள், பாரம். கடைசி வளைவில் இன்ஜின் வெடித்தால் மாப்பிள்ளை அங்கேயே முடிந்தான். மாறாக, டேங்கில் இருப்பது நல்ல பெட்ரோல். முள் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது. உச்சி வரை ஏறிவிட்டால் போதும். அப்புறம் முழுக்க இறக்கம், இறக்கத்துக்கு எதற்குப் பெட்ரோல்? இப்படித்தான் அவன் கணக்குப் போட்டான். சோம்பலில் போட்ட கணக்கு இல்லை, கஞ்சத்தனத்தில் போட்டதும் இல்லை. மாப்பிள்ளை மேல் இருந்த உயிரில் போட்ட கணக்கு அது, அதனால்தான் தப்பு அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

"வேணாம். இருக்குறது போதும்."

"அண்ணா!"

மெத்தையிலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. வெளிறிய உதட்டில் பழைய நக்கலின் ஓரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"விடும்மா. வண்டி விஷயம் மச்சானுக்குத் தெரியும்."

இத்தனை வருடம் கேலி செய்த வாய், இன்றைக்கா நம்ப வேண்டும்? வண்டி கிளம்பியது. பங்குப் பெண் சாதாக் குழாயைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

மலை ஏறத் தொடங்கியதும் அவன் மனசு கொஞ்சம் தெளிந்தது. இன்ஜின் சுத்தமாக இழுத்தது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. பின் கண்ணாடியில் தங்கையின் குனிந்த தலை தெரிந்தது. முள் கோட்டைத் தொட்டது, பரவாயில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டான். அடுத்த வளைவில் சிவப்புக் கொடி பிடித்து ஒருவன் நின்றான். சரிந்த மண்ணை அள்ளிக்கொண்டு ஒரு பெரிய இயந்திரம் ரோட்டை முழுதாக அடைத்திருந்தது. ஹாரன் அடித்தான், கத்தினான், கொடிக்காரன் பின்னால் பார்த்துவிட்டு ஓடினான். ஆனாலும் அந்த யானை நகர்ந்து ஒதுங்க அதற்கு உண்டான நேரத்தை எடுத்துக்கொண்டது. அவன் இன்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி கிளம்பாமல் போய்விடுமோ என்ற இன்னொரு பயம். நின்ற இடத்தில் பெட்ரோல் எரிந்தது. வழி கிடைத்ததும் சேற்றில் முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு ஏறினான்.

உச்சிக்குக் கீழே கடைசி வளைவு. அந்த வளைவேதான். வண்டியின் மூக்கு மேலே தூக்கியது. டேங்கில் மிச்சமிருந்த கொஞ்சமும் பின்பக்கம் ஒதுங்கியிருக்க வேண்டும். இன்ஜின் விக்கல் எடுத்தது. இன்னொரு விக்கல். பிறகு ஒன்றும் இல்லை, காற்று மட்டும்.

சாவியைத் திருகினான். திருகிக்கொண்டே இருந்தான். இறங்கிச் சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்தான்.

"ஏன் நிறுத்தினே?" என்றாள் தங்கை.

"பெட்ரோல்..."

அவள் அவனைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. பார்த்துவிட்டுக் குனிந்து, கட்டின் மேல் இருந்த கையை இன்னும் அழுத்தினாள். போனில் சிக்னல் இல்லை. மேலேயிருந்தும் வண்டி வரவில்லை, கீழேயிருந்தும் வரவில்லை. மாப்பிள்ளை கண்ணைத் திறக்காமல், "குளிருது மச்சான்" என்றான். அவன் சட்டையைக் கழற்றிப் போர்த்திவிட்டு, பனியனோடு கீழே ஓடினான்.

வந்த வழியை ஓடிக் கடக்கும்போதுதான் அது எவ்வளவு தூரம் என்று தெரிந்தது. பங்கில் ஒரு கேனில் பிடித்து வைத்துக்கொண்டிருக்கலாம் என்பது அப்போதுதான் தோன்றியது. வேண்டுமென்றால் ஊற்றலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். இவ்வளவு சின்ன விஷயம் அங்கே நின்றபோது தோன்றவே இல்லை. பயம் வந்தால் புத்திக்கு ஒரு கதவுதான் திறந்திருக்கும் போலிருக்கிறது. ஓடிக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டான்.

கொடிக்காரன் அவன் வருவதைப் பார்த்து எதிரே வந்தான்.

"பெட்ரோல் இருக்கா?"

"ரோடு வெட்டுற மெஷினுக்கு ஒரு கேன் இருக்குங்க. ஆனா சாதா..."

"எதா இருந்தா என்ன, குடுய்யா!"

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பது அவன் காதில் விழுந்தது. கொடிக்காரன் தன் பைக்கில் அவனைப் பின்னால் உட்கார வைத்து, கேனை மடியில் கொடுத்து, மேலே கொண்டுபோய்ச் சேர்த்தான்.

தங்கை அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். பாட்டில் காலியாகித் தொங்கியது. மாப்பிள்ளையின் முகம் கல்தூள் படிந்தது போல இருந்தது. அவன் மூடியைத் திறந்தான். உள்பக்கத்துச் சீட்டில் தொண்ணூற்றொன்று என்ற எண் நேருக்கு நேர் நின்றது. கேனைச் சாய்த்தபோது பாதி கையில் வழிந்தது. கொடிக்காரன் வாங்கி மிச்சத்தை ஊற்றினான். சாவியைத் திருகினான். இருமியது, இருமியது, பிடித்துக்கொண்டது.

கொடிக்காரன் கல்லை எடுத்தான். அவன் முதல் கியரில் ஏற்றி, இரண்டாவதுக்கு மாற்றி, காலைத் தரை வரைக்கும் அழுத்தினான்.

கண்ணாடி இறங்கித்தான் இருந்தது. அவன் காது முழுக்க இன்ஜினில் இருந்தது. இதோ வரும், இந்த மேட்டில் வரும், கூழாங்கல் குலுங்கும். வரவில்லை. பாரத்தோடு, செங்குத்து மேட்டில், வெறும் சாதாப் பெட்ரோலில், அந்தப் பழைய இன்ஜின் ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. வயிறு நிறைந்த மாடு மாதிரி நிதானமாக ஏறியது. அவனுக்கு அழுகை முட்டியது. பாவி, ஒரு தடவை சத்தம் போடேன், ஒரே ஒரு தடவை, நான் பயந்ததில் ஒரு நியாயம் இருந்தது என்று காட்டேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினான். மாப்பிள்ளை பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட அதே மனசு, இன்ஜின் உடைய வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டது. அந்தக் கேவலம் அவனுக்கே புரிந்தது. இன்ஜின் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் ஏறியது.

உச்சிக்கு வந்துவிட்டார்கள். ரோடு சமமாகி, அந்தப் பக்கத்து ஊர் கீழே விரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரிந்தது.

கூரையில் ஒரு தட்டு விழுந்தது.

ஒன்றுதான். அடுத்தது விழும் என்று அவன் காத்திருந்தான். வண்டியை ஓரம் கட்டினான். இன்ஜினை அணைக்காமல் இறங்கிப் பின்னால் போனான். தங்கை கட்டின் மேலிருந்து கையை எடுத்திருந்தாள். அந்தக் கை இப்போது மாப்பிள்ளையின் கன்னத்தில் இருந்தது. போர்த்தியிருந்த சட்டை ஏறி இறங்கவில்லை. அவன் பின் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டி அவர்களுக்குக் கீழே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

தங்கை நிமிராமலே கேட்டாள்.

"சாதாதானே ஊத்தினே?"

"ஆமாம்மா."

"நல்லாத்தானே ஏறுச்சு."

குரலில் கோபம் இல்லை. சமையல்கட்டில் நின்று ஏதோ ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவள் போலத்தான் இருந்தது. அவன் அவள் காலைப் பார்த்தான், செருப்பு இல்லாத அந்த ஒற்றைக் காலை.

அவன் போய் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தான். டாஷ்போர்டைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கூரையில் இரண்டு தட்டு விழுந்தது. வண்டியை எடுத்தான்.